மஞ்சள் கருவைத் துறந்து ரொட்டி சானாயைப் பிடித்துக்கொண்டவர்கள்

எங்கள் தாமானில் (குடியிருப்பில்) யாருக்காவது கொலஸ்ட்ரால் கூடியிருக்கிறது என்று தெரிந்துவிட்டால் முதல் தண்டனை முட்டைக்குத்தான். மஞ்சள் கருவைத் தனியே எடுத்துப் பூனைக்குப் போட்டுவிட்டு வெள்ளையை மட்டும் மென்று விழுங்குவார்கள். அடுத்து இறால், நண்டு, கணவாய் எதுவும் வீட்டுக்குள் நுழையக் கூடாது. இவ்வளவையும் துறந்த அதே மனிதர் மறுநாள் காலை மோட்டாரை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போய் எண்ணெயில் சுட்ட பரோட்டா போன்ற ரொட்டி சானாய் இரண்டு, ஆற்றிய பால் தேநீரான தே தாரிக் ஒன்று என்று பசியாறிவிட்டு, பிள்ளைகளுக்குத் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் பொட்டலத்தையும் வாங்கிக்கொண்டு திரும்புவார். "கறி, மீன் எதையும் தொடலம்மா, சுத்தமான பத்தியம்" என்று வேறு சொல்வார். ஆறு மாதம் கழித்து இரத்தம் எடுத்தால் எண் அப்படியே நிற்கும், சில சமயம் ஏறியும் இருக்கும். உடனே "எனக்கு என்ன செஞ்சாலும் இறங்காது, இது பரம்பரை" என்று முடிவு கட்டிவிட்டுப் பத்தியத்தையே விட்டுவிடுவார்.

இந்தக் கூத்தைப் பல வீடுகளில் பார்த்து எரிச்சலாகித்தான் எழுத உட்கார்ந்தேன். பயப்பட வேண்டியதுதான், ஆனால் நம் ஆட்களின் பயம் தப்பான இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது.

நான் இருப்பது பத்தாங் பெர்ஜுந்தையில். 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயரை மாற்றினார்கள், எங்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது. சுற்றிலும் செம்பனை, பாமாயில் எடுக்கும் மரம். மலேசியாவில் வணிகத்துக்காக முதன்முதலில் செம்பனை நட்டதே இந்தப் பக்கம்தான், தென்னமாரம் தோட்டத்தில், 1917-இல், ஆன்ரி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். என் அப்பா அம்மா ரப்பர் தோட்டத்தில் மரம் சீவிப் பாலெடுத்தவர்கள். நான் எண்ணெய் ஆலையில் எடைமேடைக் கிராணி (குமாஸ்தா). குலை ஏற்றிய லாரி உள்ளே வரும்போது ஓர் எடை, காலி லாரியாக வெளியே போகும்போது ஓர் எடை, நாள் முழுக்க இதே கணக்கு. எண்ணெயைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்றே நினைக்கிறேன்.

என் இரத்தப் பரிசோதனைச் சீட்டில் வந்த எண்களையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஊருக்கு உபதேசம் செய்வதுபோல் இருக்கும். மொத்தக் கொலஸ்ட்ரால் 6.6, எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் 4.4, எச்டிஎல் என்ற நல்ல கொலஸ்ட்ரால் 1.1, டிரைகிளிசரைடு என்ற இன்னொரு வகை இரத்தக் கொழுப்பு 2.4. ஒரு வலியும் இல்லை, மயக்கமும் இல்லை. அரசாங்கக் கிளினிக்கில் 1 வெள்ளி (ரிங்கிட்) கட்டி இரத்தக் கொதிப்புக்காகப் போன இடத்தில் மிஸ்ஸி (நர்ஸ்) சேர்த்து எடுத்த இரத்தம் அது. இந்த வியாதியின் சூழ்ச்சியே இதுதான், இரத்தக் குழாய் அடைத்துக்கொள்கிற நாள் வரைக்கும் உடம்பு வாயைத் திறக்காது. 2019-இல் நாடு தழுவி எடுத்த சுகாதாரக் கணக்கெடுப்பில் பெரியவர்களில் 38.1 சதவீதம் பேருக்குக் கொலஸ்ட்ரால் அதிகம் என்று தெரிந்தது, 2023-இல் அது 33.3 சதவீதம். இறங்கியிருக்கிறது என்று சந்தோஷப்படலாம், ஆனாலும் மூன்று பேரில் ஒருவர்.

இங்கே ஒரு சின்னக் குழப்பத்தைத் தீர்த்துவிட்டுப் போகிறேன். நம் வீட்டு ஆட்கள் எல்லாரும் தமிழ்நாட்டு டாக்டர்களின் வீடியோக்களைப் பார்க்கிறார்கள். அவர்கள் "200-க்குக் கீழே இருக்கணும்" என்பார்கள். நம் சீட்டில் 6.6 என்று இருக்கும். "எனக்கு வெறும் ஆறுதான்" என்று நிம்மதியாகத் தூங்கப் போன ஒரு அக்காவை எனக்குத் தெரியும். அங்கே மில்லிகிராம், இங்கே மில்லிமோல். நம் சீட்டில் உள்ள கொலஸ்ட்ரால் எண்ணை 38.7-ஆல் பெருக்கினால் அவர்கள் கணக்கு வரும், டிரைகிளிசரைடை மட்டும் 88.6-ஆல் பெருக்க வேண்டும். என் 6.6 அவர்கள் கணக்கில் 255. அப்புறம், மொத்தத்தை மட்டும் பார்த்துப் பயனில்லை, பார்க்க வேண்டியது எல்டிஎல். சாதாரண ஆளுக்கு 3-க்குக் கீழே இருந்தால் போதும் என்பார்கள். ஏற்கெனவே மாரடைப்பு வந்தவருக்கு 1.8, 1.4 என்று இன்னும் கீழே இறக்கச் சொல்வார்கள். ஆளுக்கு ஆள் இலக்கு மாறும். பக்கத்து வீட்டுச் சீட்டோடு நம் சீட்டை ஒட்டிப் பார்த்துப் பிரயோஜனம் இல்லை.

சரி, முட்டைக்கு வருவோம். உடம்பில் இருக்கும் கொலஸ்ட்ராலில் பெரும்பங்கு நாம் சாப்பிட்டு வந்தது இல்லை, நம் உடம்பே தயாரிப்பது, அதில் ஈரலுக்கு முக்கியப் பங்கு. வெளியிலிருந்து கொஞ்சம் கூடுதலாக வந்தால் பெரும்பாலானவர்களின் ஈரல் தன் உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். ஒரு முட்டையில் ஏறக்குறைய 200 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் இருப்பது உண்மைதான், ஆனால் அதிலுள்ள நிறைவுற்ற கொழுப்பு (சேச்சுரேட்டட் ஃபேட்) 2 கிராம்கூட இல்லை. ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் கொலஸ்ட்ராலுக்கு மேல் கூடாது என்று பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்த அமெரிக்க உணவு வழிகாட்டியே 2015-இல் அந்த எண்ணை எடுத்துவிட்டது. அதற்காகத் தினமும் அரை டஜன் முட்டை சாப்பிடலாம் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம், இனிப்புநீர் (சர்க்கரை வியாதி) உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. நான் சொல்வது, வில்லன் அங்கே இல்லை என்பதுதான்.

வில்லன் நிறைவுற்ற கொழுப்பு. அது எப்படி வேலை செய்கிறது என்று எனக்குப் புரிந்தது ஆலையை வைத்துத்தான். எல்டிஎல் என்பது இரத்தத்தில் கொலஸ்ட்ராலை ஏற்றிக்கொண்டு ஓடும் லாரி. ஈரலின் மேல் இந்த லாரிகளை உள்ளே வாங்கும் வாசல்கள் இருக்கின்றன. நிறைவுற்ற கொழுப்பு அதிகமானால் ஈரல் அந்த வாசல்களின் எண்ணிக்கையைக் குறைத்துவிடுகிறது. குலை ஏற்றிய லாரி வந்துகொண்டே இருக்க, இறக்கும் இடத்தில் பாதி வாசலை மூடிவிட்டால் என்ன ஆகும், வரிசை பெரிய ரோடு வரைக்கும் நிற்கும். இரத்தக் குழாயிலும் அதே கதை, நின்ற லாரிகள் சுவரோரம் சரக்கை இறக்கிவிடுகின்றன. இந்த வாசலைக் கண்டுபிடித்த மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

இப்போது சமையலறைக் கணக்கு. நம் வீடுகளில் பெரும்பாலும் ஓடுவது 1 கிலோ பாக்கெட் எண்ணெய், அரசாங்க மானியத்தில் 2 வெள்ளி 50 காசு. அது பாமொலின், அதாவது செம்பனை எண்ணெயைக் குளிரவைத்துப் பிரிக்கும்போது திரவமாக நிற்கும் பகுதி. அதில் ஏறக்குறைய 45 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. நாலு பேர் உள்ள வீட்டில் வாரத்துக்கு ஒரு பாக்கெட் தீர்ந்தால் (எங்கள் தாமானில் அது குறைந்த கணக்கு) ஆளுக்கு ஒரு நாளைக்கு 36 கிராம் எண்ணெய், அதில் 16 கிராம் நிறைவுற்றது. 2000 கலோரி சாப்பிடும் ஆளுக்கு உலகச் சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு நாளைக்கு 22 கிராம். அதாவது தாளிப்பதிலும் பொரிப்பதிலுமே முக்கால்வாசி முடிந்துவிட்டது. இனி கோழித் தோல், தேங்காய்ப்பால், பட்டர், பிஸ்கட், கடைத் தேநீர் எல்லாம் மீதி 6 கிராமுக்குள் அடங்க வேண்டும். நடக்கிற காரியமா?

செம்பனையைப் பழித்தால் எங்கள் ஊரில் சோற்றுத் தட்டில் மண்ணைப் போட்டதுபோல் முறைப்பார்கள். எனக்கே சம்பளம் அதிலிருந்துதான் வருகிறது. 1980-களில் அமெரிக்க சோயா தரப்பு நம் எண்ணெயை விஷம் என்று பிரசாரம் செய்ததில் வியாபாரம் நிறைய இருந்தது, அதை மறுப்பதற்கில்லை. செம்பனை எண்ணெயில் கொலஸ்ட்ரால் இல்லை என்று டின்னில் போடுவதும் பொய் இல்லை, எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் இல்லை. பாதி ஹைட்ரஜன் ஏற்றிய பழைய வனஸ்பதி வகைகளோடு ஒப்பிட்டால் செம்பனை எவ்வளவோ மேல். ஆனால் சோயா, சூரியகாந்தி மாதிரி நிறைவுற்ற கொழுப்பு குறைந்த எண்ணெய்களோடு வைத்துப் பார்த்த ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் கணக்குப் போட்டபோது, செம்பனை எண்ணெய் எல்டிஎல்லைச் சராசரியாக 0.24 மில்லிமோல் கூட்டுகிறது என்று வந்தது. பேய் பிசாசு அளவுக்கு இல்லை, ஒன்றுமே இல்லை என்று தள்ளிவிடவும் முடியாது.

தேங்காய் எண்ணெய்தான் நல்லது என்று இப்போது ஒரு அலை அடிக்கிறது, காலையில் வெறும் வயிற்றில் ஒரு கரண்டி குடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அதில் நிறைவுற்ற கொழுப்பு 80 சதவீதத்துக்கு மேல். செம்பனைக்குப் பயந்து தேங்காய்க்கு ஓடுவது எந்தக் கணக்கில் சேரும் என்று எனக்குப் புரியவில்லை.

நல்ல எண்ணெய் வாங்கலாம் என்றால் விலை இடிக்கிறது. சூரியகாந்தி எண்ணெய்க்கு அந்தப் பாக்கெட்டின் விலையைப் போலப் பல மடங்கு கொடுக்க வேண்டும். தோட்டத்துச் சம்பளத்தில் நாலு பிள்ளைகளை வைத்திருக்கும் வீட்டில் போய் ஆலிவ் எண்ணெய் வாங்குங்கள் என்று சொல்கிறவருக்கு வெட்கம் இருக்க வேண்டும். நான் கண்ட வழி சிம்பிள். பாக்கெட்டைப் பிரித்த தேதியை மேலேயே பேனாவால் எழுதி வைப்பது. வாரத்தில் தீர்ந்த பாக்கெட் இரண்டு வாரத்துக்கு மேல் வர ஆரம்பித்தால் அதுவே பெரிய வெற்றி, கையிலும் காசு மிஞ்சும். அந்த மிச்சத்தில் ஒரு சின்னப் போத்தல் நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ வாங்கித் தாளிக்க மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

எண்ணெயைக் குறைத்தால் ருசி போய்விடும் என்று என் மாமியார் முதலில் சண்டைக்கு வந்தார். கோழிப் பெரட்டலுக்கு எண்ணெய் மிதக்க வேண்டும் என்பது அவர் சட்டம். தோலை உரித்து, வெங்காயத்தை உப்புப் போட்டு மூடி வதக்கி, ஒட்டும்போது கொஞ்சம் வெந்நீர் தெளித்து, மசாலாவை நன்றாகச் சுருட்டினால் இரண்டு கரண்டி எண்ணெயில் பெரட்டல் வந்துவிடும். மேலே எண்ணெய் மிதக்காது, அவ்வளவுதான். நெத்திலிச் சம்பலுக்கு மட்டும் இந்த வித்தை பலிக்கவில்லை. மிளகாய் விழுதுக்கு எண்ணெய் இல்லாவிட்டால் பச்சை வாடை போகாது. அதனால் சம்பல் செய்வதைக் குறைத்தேன், செய்கிற அன்று முறையாகச் செய்துவிட்டு மேலே நிற்கும் எண்ணெயை வடித்துவிடுகிறேன். அப்பளம், மோர் மிளகாய், வடை என்று பொரித்த எண்ணெயைப் போத்தலில் ஊற்றி வைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் பழக்கத்தை மட்டும் ஒரேயடியாக நிறுத்திவிட்டேன், இதில் சமரசம் கிடையாது.

தேங்காய்ப்பால் விஷயம் கொஞ்சம் மனதை வலிக்கச் செய்வது. மலாய்க்காரர் சமையலோடு நூறு வருஷம் பழகி, மீன் குழம்புக்குக்கூட சந்தான் ஊற்றுவது நம் வீடுகளில் சாதாரணமாகிவிட்டது. கெட்டியான தேங்காய்ப்பாலில் 100 கிராமுக்கு 20 கிராமுக்கு மேல் கொழுப்பு, பெரும்பகுதி நிறைவுற்றது. மீன் குழம்பைப் புளியோடு நிறுத்திக்கொண்டேன். நாசி லெமாக் எப்போதாவது ஒரு நாள். பச்சைப் பயற்றுக் கஞ்சிக்கு மட்டும் இரண்டாம் பால் கொஞ்சம் ஊற்றுகிறேன், அதுவும் இல்லாவிட்டால் அதற்குக் கஞ்சி என்று பெயர் எதற்கு.

அடுத்து தே தாரிக். கடையில் பாலை ஊற்றுவதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்த டின்னை வாங்கித் திருப்பி, பின்னால் இருக்கும் சின்ன எழுத்தைப் படித்துப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் "கிரீமர்" என்று இருக்கும், உள்ளே இருப்பதில் முக்கியமானவை சீனியும் செம்பனை எண்ணெயும். என் ஆலையிலிருந்து போன எண்ணெய்தான் சுத்தமாகி, வெள்ளையாகி, இனிப்பாகி என் கிளாசுக்கே திரும்பி வருகிறது. மூன்றும் ஒன்றாகக் கலந்த காப்பிப் பாக்கெட்டுகளும் இதே ஜாதி. நாளைக்கு மூன்று கிளாஸ் குடிக்கிறவர்கள் எங்கள் ஊரில் நிறைய. கடையில் பாலும் சீனியும் இல்லாத தேநீருக்கு "தே ஓ கொசோங்" என்று கேட்டால் உடனே, "ஏன்க்கா, இனிப்புநீரா?" என்று அக்கறையாக விசாரிப்பார்கள். "இல்லப்பா, வராம இருக்கத்தான்" என்று ஒரு முறை சொன்னால் போதும், அப்புறம் நாம் உட்காரும்போதே கிளாஸ் வந்துவிடும்.

இனிப்பு எதற்கு இதில் வருகிறது என்று கேட்கலாம். டிரைகிளிசரைடு என்று ஓர் எண் இருக்கிறதே, அதை ஏற்றுவது சீனி, வெள்ளைச் சோறு மலை, மது, தொப்பை. நம் இனத்தாருக்கு எச்டிஎல் குறைவாகவும் டிரைகிளிசரைடு அதிகமாகவும் இருக்கும் அமைப்பு சகஜம், கூடவே வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு. ஆசிய ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 என்பது எச்சரிக்கைக் கோடு. தையல் டேப் எல்லார் வீட்டிலும் இருக்கிறது, தொப்புள் மட்டத்தில் மூச்சை இழுத்துப் பிடிக்காமல் அளக்க வேண்டும். ஆண்கள் இழுத்துப் பிடிப்பார்கள், நம்பாதீர்கள். பியர் விஷயத்தில் நான் நீளமாகப் பேசப் போவதில்லை, கள்ளுக்கடை காலத்திலிருந்து தோட்டத்தில் இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

குறைக்கிறதையே பேசிக்கொண்டிருந்தால் எப்படி, கூட்டிக்கொள்ள என்ன இருக்கிறது? இங்கேதான் எனக்கு நிஜமான சந்தோஷம் கிடைத்தது. 2003-இல் டொராண்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் என்ற ஆய்வாளரின் குழு, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் உணவுகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து ஒரு மாதம் கொடுத்துப் பார்த்தது. எல்டிஎல் சுமார் 29 சதவீதம் இறங்கியது, அதே சமயம் லோவாஸ்டாடின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரை கொடுத்த குழுவுக்குச் சுமார் 31 சதவீதம். அந்தச் சாப்பாட்டில் ஓட்ஸ், பார்லி, சோயா, பாதாம் இவற்றோடு என்ன இருந்தது தெரியுமா? வெண்டைக்காயும் கத்தரிக்காயும். கனடாக்காரன் தேடிப் பிடித்துச் சாப்பிட்ட வெண்டைக்காய் என் வீட்டு வேலியோரம் காய்த்து முற்றிக்கொண்டிருந்தது.

காரணம் அதிலிருக்கும் வழுவழுப்பு. கரையும் நார்ச்சத்து. சாப்பாட்டைச் செரிக்க ஈரல் கொலஸ்ட்ராலிலிருந்து பித்தநீர் செய்கிறது, அதைக் குடல் மறுபடி உறிஞ்சி ஈரலுக்கே அனுப்பிவிடும், வீணாக்காது. கரையும் நார் அந்தப் பித்தத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விடுகிறது. புதிதாகப் பித்தம் செய்ய ஈரல் இரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை எடுத்தாக வேண்டும். நாளைக்கு 5 முதல் 10 கிராம் கரையும் நார் சேர்ந்தால் எல்டிஎல் 5 சதவீதம் அளவில் இறங்கும். துவரம் பருப்பு, கொண்டைக்கடலை, பயறு, அவரை, ஓட்ஸ், கொய்யா எல்லாவற்றிலும் அது இருக்கிறது. பாதாமுக்குப் பதில் நம் கையளவு வறுத்த கச்சான் (நிலக்கடலை), உப்பும் எண்ணெயும் போடாதது. மீனில் கெம்போங் (கானாங்கெளுத்தி), மலிவு, ஒமேகா கொழுப்பு உள்ளது, டிரைகிளிசரைடுக்கு நல்லது. பொரிக்காமல் புளிக்குழம்பில் போட வேண்டும், அதுதான் பிள்ளைகளிடம் நடக்கவில்லை.

ஆனால் ஏமாற்றக் கூடாது. அதே ஜென்கின்ஸ், ஆய்வுக்கூடத்தில் தட்டில் வைத்துக் கொடுக்காமல், ஆலோசனை மட்டும் சொல்லி வீட்டுக்கு அனுப்பி 2011-இல் பார்த்தபோது இறக்கம் 13 சதவீதம் அளவில்தான் நின்றது. மனிதர்கள் மனிதர்கள்தானே, கல்யாணம் வரும், தீபாவளி வரும். சாப்பாட்டை மாற்றினால் கொலஸ்ட்ரால் "குணமாகும்" என்று வீடியோவில் சத்தியம் செய்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

சைவம்தானே, எனக்கு வராது என்பதும் நம்மிடையே ஒரு பெரிய நம்பிக்கை. தைப்பூசத்துக்கு 48 நாள் விரதம் இருக்கிறவர்களின் சாப்பாட்டைக் கவனியுங்கள். சோயாவில் செய்த சைவ ஆட்டுக்கறியை எண்ணெயில் பொரித்துப் பெரட்டல், காலையில் நெய் தோசை, சாயங்காலம் வடை, நடுவில் தேங்காய்ப்பால் ஊற்றிய பாயாசம். முருகனுக்குப் பக்தி போய்ச் சேரும், எல்டிஎல்லுக்கு இது சைவமா அசைவமா என்று தெரியாது. அதே விரதத்தைக் கீரை, பருப்பு, ரசம், காய், ஒரு வேளை சோறு என்று இருந்தால் நிஜமாகவே இறங்கும். என் சின்னம்மா அப்படி இருப்பவர், எழுபது தாண்டியும் காவடிக்கூட்டத்தோடு முழுத் தூரமும் நடக்கிறார்.

நடை என்றதும் ஒன்று. அந்தக் காலத்துத் தோட்டச் சாப்பாடுதான் ஆரோக்கியம் என்று உருகுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அப்பா காலத்திலும் டின் பாலும் சீனியும் வெள்ளைச் சோறும் கருவாடும்தான். வித்தியாசம் உடம்பு செய்த வேலையில் இருந்தது. இருட்டோடு இருட்டாகத் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பி, நூற்றுக்கணக்கான மரங்களைக் குனிந்து நிமிர்ந்து வெட்டி, மறுபடி அத்தனை மரத்துக்கும் போய்ப் பாலெடுத்து, காண்டாக் கம்பில் வாளிகளைத் தொங்கவிட்டுச் சுமந்தவர்கள். அதோடு, யாருக்கு அப்போது இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள்? "நெஞ்சு அடைச்சு போயிட்டார்" என்ற ஒரே வரியில் எத்தனை பேரின் கதை முடிந்தது. இன்று அதே பிள்ளைகள் ஜாகா (காவல்) வேலையில் பன்னிரண்டு மணி நேரம் நாற்காலியில், அல்லது என்னைப்போல எடைமேடைக் கண்ணாடிக்குள்.

வாரத்துக்கு 150 நிமிட நடை என்கிறார்கள். எங்கள் ஊரில் காலையில் நடந்தால் நாய், மாலையில் நடந்தால் மழை, ரோட்டோரம் நடந்தால் குலை லாரி. பள்ளித் திடலைச் சுற்றி நாலைந்து பெண்கள் சேர்ந்து நடக்கிறோம், ஊர்க்கதை பேசுவதால் நேரம் போவது தெரியாது. நடையால் எல்டிஎல் பெரிதாக இறங்காது, அதையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். டிரைகிளிசரைடு நன்றாக இறங்கும், எச்டிஎல் கொஞ்சம் ஏறும், இரத்தக் கொதிப்பும் இனிப்பும் கட்டுப்படும். இதயத்துக்கு இவை எல்லாம் சேர்ந்ததுதான் கணக்கு. சிகரெட்டை விட்டால் எச்டிஎல் ஏறும் என்பதைச் சிகரெட் பிடிக்கிறவர்கள் தவிர எல்லாரும் கேட்டுக்கொள்கிறார்கள்.

மாத்திரைக்கு முன் சாப்பாட்டையும் நடையையும் மாற்றிப் பார்க்க டாக்டர் கொடுத்த மூன்று மாத அவகாசம் முடிந்து என் எண்கள்: மொத்தம் 5.5, எல்டிஎல் 3.7, டிரைகிளிசரைடு 1.6. எச்டிஎல் அசையவே இல்லை, அதே 1.1. தாமானில் பாராட்டு விழா எடுக்காத குறை. டாக்டர் மட்டும் மாத்திரையை எழுதினார். என் அண்ணனுக்கு 44 வயதில் மாரடைப்பு வந்து குழாய்க்குள் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். இத்தனைக்கும் ஒல்லியான ஆள், காற்றடித்தால் பறந்துவிடுவார், அவருக்கெல்லாம் கொழுப்பா என்று ஊரே சிரித்தது. கூடப் பிறந்தவருக்கு அந்த வயதில் வந்திருக்கும்போது, எனக்கு இரத்தக் கொதிப்பும் இருக்கும்போது, 3.7 போதாது என்றார். நான் மறுபேச்சுப் பேசாமல் வாங்கிக்கொண்டேன். அட்டோர்வாஸ்டாடின், அதுவும் லோவாஸ்டாடின்போல ஸ்டாடின் வகைதான், குறைந்த அளவு. இப்போது எல்டிஎல் 2.2.

இதைச் சொன்னதும் "ஐயோ, ஆரம்பிச்சா வாழ்நாள் முழுக்கச் சாப்பிடணுமே, கிட்னி போயிடுமே" என்று உறவுக்கூட்டம் கூடிவிட்டது. சிலருக்குத் தசைவலி வரும், அப்படி வந்தால் டாக்டரிடம் சொன்னால் மருந்தையோ அளவையோ மாற்றித் தருவார்கள், நாமாக நிறுத்துவதுதான் ஆபத்து. அதைவிட வேடிக்கை, ஒரு உறவினர் இயற்கை மருந்து என்று சொல்லி, மாத்திரைக்குப் பதிலாகச் சிவப்பு அரிசிக் குளிகை விற்க வந்தார், ஒரு டப்பாவுக்கு அவர் சொன்ன விலையில் இரண்டு மாத மளிகை வாங்கலாம். சீனர் கடைகளில் ஆங்காக் என்று விற்கும் அந்த அரிசியில் பூஞ்சை உண்டாக்கும் மொனகோலின் கே என்ற பொருளும் லோவாஸ்டாடின் மாத்திரையும் ஒரே வேதிப்பொருள். ஸ்டாடின் வந்ததே பூஞ்சையிலிருந்துதான், அகிரா எண்டோ என்ற ஜப்பானியர் 1970-களின் தொடக்கத்தில் ஒரு பச்சைப் பூஞ்சையில் முதல் ஸ்டாடினைக் கண்டார், 1987-இல் லோவாஸ்டாடின் அமெரிக்காவில் மருந்தாக வந்தது. கிளினிக் மாத்திரையில் எத்தனை மில்லிகிராம் என்று எழுதியிருக்கிறது, அந்தக் குளிகையில் எவ்வளவு இருக்கிறது என்று விற்கிறவருக்கே தெரியாது. இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் தசைக்கும் ஈரலுக்கும் இரட்டை அடி. அதேபோல கிரேப்ஃப்ரூட் பழம், சிம்வாஸ்டாடின், அட்டோர்வாஸ்டாடின் போன்றவற்றின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடும். அதன் தாய்ப்பழம் நம் பம்பளிமாஸ். சீனப் பெருநாளுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து வரும் பழத்தை உரிப்பதற்கு முன் மருந்து கொடுக்கிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

மாத்திரை வந்துவிட்டதே, இனி ரொட்டி சானாய் சாப்பிடலாமா என்று என் வீட்டுக்காரரே கேட்டார். சாப்பாட்டில் 16 சதவீதம், மாத்திரையில் 40 சதவீதம், இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்ந்துதான் 2.2. சாப்பாட்டை விட்டுவிட்டால் மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டும், அளவை இரட்டிப்பாக்கினாலும் கூடுதலாகக் கிடைப்பது ஏறக்குறைய 6 சதவீதம்தான். தீபாவளிக்கு முறுக்கு சுடுகிறேன், கல்யாண வீட்டில் பிரியாணி சாப்பிடுகிறேன். வருஷத்தில் அந்தச் சில நாட்கள் யாரையும் கொன்றதில்லை, தினசரிப் பசியாறல்தான் கொல்கிறது.

பரம்பரை என்று சொல்கிறவர்கள் சிலருக்கு அது உண்மையாகவும் இருக்கும். ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்குப் பிறப்பிலேயே அந்த வாசல்கள் சரியாக வேலை செய்யாது. இளம் வயதிலேயே எல்டிஎல் 5-ஐத் தாண்டி நிற்கும், குதிகால் தசைநாண் தடித்திருக்கும், சிலருக்குக் கண் இமையோரம் மஞ்சள் படலம் தெரியும். அவர்களுக்கு வெண்டைக்காய் மட்டும் போதாது, வீட்டில் எல்லாருக்கும், பிள்ளைகளுக்கும்கூட இரத்தம் பார்க்க வேண்டும். தைராய்டு மந்தமாக இருந்தாலும் கொலஸ்ட்ரால் ஏறும், பெண்கள் அதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லலாம்.

40 வயதாகி, அரசாங்க ரொக்க உதவி பெறும் குடும்பமாக இருந்தால் பெக்கா பி40 திட்டத்தில் இலவசமாகவே பரிசோதனை செய்துகொள்ளலாம், 2019-இலிருந்து இருக்கிறது, கணவன் மனைவி இருவருக்கும் உண்டு, அதில் சேர்ந்திருக்கும் தனியார் கிளினிக்குகளிலும் பார்க்கலாம். அண்ணனுக்கு வந்த பிறகு அண்ணி தன் தம்பியை நச்சரித்துக்கொண்டே இருக்கிறார், "எனக்கு ஒண்ணும் இல்லக்கா" என்று அவரும் நழுவிக்கொண்டே இருக்கிறார். இந்தச் சனிக்கிழமை கிளினிக்குக்கு நானே வண்டியில் கூட்டிப் போவதாகச் சொல்லியிருக்கிறேன், பசியாறுவதற்கு முன்னாலேயே வந்துவிடச் சொல்லி.